வினாக்குறி இடாத வினா: மார்வின் கேயின் இசைத்தொகுப்பு வழியே ஆன்ம இசையை அறிதல்

'என்ன நடக்கிறது' என்னும் தொடரின் இறுதியில் வினாக்குறி இட்டால் அது விடை தேடும் கேள்வி. அக்குறியை நீக்கிவிட்டால், நடப்பதைக் கண்டு செயலற்று நிற்பவனின் பெருமூச்சாகவும், கண்டதைச் சொல்லப் புகுபவனின் முகப்புரையாகவும் அது ஆகிவிடுகிறது. 1971ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட மார்வின் கேயின் இசைத்தொகுப்பு இத்தொடரையே பெயராகக் கொண்டது. 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்று அதன் உறையில் அச்சிட்டவர்கள் வினாக்குறி இடவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையை, அதாவது ஆன்ம இசையை, நாம் அறிந்துகொண்டது இந்த ஒரு தொகுப்பின் வாயிலாகவே. இதன் சிறப்பு எதுவென எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், விடுபட்ட அந்தச் சிறு குறியிடமே நாம் திரும்பி வர நேர்கிறது.

முதலில் நம் பிழையை ஒப்புக்கொண்டுவிடுவது நேர்மை. வளைகுடாவில் பணிபுரிந்து ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் தம்முடன் கொண்டுவந்த ஒலிநாடாப் பெட்டியில் இது கிடந்தது. வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டே இதனை ஓடவிட்டோம். தந்தி இசை மிதந்து வந்தது. குரல் தேனாய் வழிந்தது. 'இனிமையான காதற்பாட்டு' என்று தீர்ப்புக் கூறி எடுத்து வைத்துவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து இறுதிவரை ஒரே அமர்வில் கேட்டபோதுதான் நாம் செய்த அநீதி புரிந்தது. போரில் மாண்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் அழுவதையும், வேலையின்றித் திரியும் வீரனையும், ஹெராயினுக்கு அடிமையானவனின் நடுக்கத்தையும், நஞ்சேறிய கடலையும் பற்றி அக்குரல் பாடிக்கொண்டிருந்தது. இத்தனையையும் காதற்பாட்டாக எப்படிக் கேட்டோம்? செவியின் சோம்பல் ஒரு காரணம். மற்றொரு காரணம் படைப்பிலேயே உண்டு: துயரத்தை இனிமையாகச் சொல்ல அது துணிந்திருக்கிறது. துயரத்தை இனிமையாக்குவது அதனைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா என்னும் கேள்விக்கு விடை காணாமல் இத்தொகுப்பை மதிப்பிட இயலாது.

ஆன்ம இசையின் பிறப்பைச் சற்றே அறிந்துகொண்டால் இக்கேள்வியின் கனம் விளங்கும். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த 'காஸ்பல்' பாடல் முறை இறைவனை விளித்துக் கதறும் முறை. முன்பாடுவோர் ஒருவர் அழைக்க, சபையோர் மறுமொழி கூறும் முறை. 1954ஆம் ஆண்டில் ரே சார்ல்ஸ் என்னும் பார்வையற்ற கலைஞர், தேவாலயப் பாட்டு ஒன்றின் அமைப்பைத் தழுவி, இறைவன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார். தேவாலயத்தார் பலர் வெகுண்டனர். 1957ஆம் ஆண்டில் சாம் குக் பக்திப் பாடல் குழுவை விட்டு உலகியல் பாடலுக்கு வந்தபோதும் அதே சினம் எழுந்தது. துஆவின் மொழியை மனிதக் காதலுக்குக் கடன் கொடுக்கலாகுமா என்பதே வழக்கு. ஆன்ம இசை இந்த வழக்கினுள்ளேயே பிறந்தது. இன்றுவரை அதிலிருந்து முற்றிலும் விடுபடவுமில்லை.

இவ்வழக்கு நம் மரபுக்குப் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் ஸமாஃ, வஜ்து ஆகியவற்றின் ஒழுக்கங்களுக்கென ஒரு தனி நூலையே ஒதுக்கினார்கள். அவர்கள் கட்டற்ற அனுமதி வழங்கிவிடவில்லை. இன்ன கருவி, இன்ன சொல், இன்ன கேட்போன் என வரம்புகள் வகுத்தார்கள். எனினும் ஓர் உண்மையை அழுத்திக் கூறினார்கள்: செவிவழிச் செல்லும் இசை இதயத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்துவதில்லை, ஏற்கெனவே அங்கே இருப்பதைத்தான் அசைக்கிறது. ஆகவே பாட்டைக் குறித்த விசாரணை, கேட்பவனின் உள்ளத்தைக் குறித்த விசாரணையாகவும் ஆகிவிடுகிறது. இசை பற்றி உலமாக்களிடையே நிலவும் கருத்து வேற்றுமையைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேவாலயத்தின் வாசலில் ரே சார்ல்ஸிடம் கேட்கப்பட்ட கேள்வியை நம்மவரும் வேறு சொற்களில் கேட்டிருக்கின்றனர் என்பதை நினைவுறுத்தவே இதனைக் குறித்தோம்.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். ரே சார்ல்ஸின் அப்பாடலை வெளியிட்டது அட்லாண்டிக் நிறுவனம். அதனை 1947ஆம் ஆண்டில் ஹெர்ப் ஆப்ரம்சனுடன் சேர்ந்து நிறுவியவர் அஹ்மத் எர்தெகுன். வாஷிங்டனில் துருக்கியின் தூதராகப் பணியாற்றிய முனீர் எர்தெகுனின் புதல்வர். அமெரிக்காவில் நிறவெறி கோலோச்சிய காலத்தில் அத்தூதரின் இல்லம் கறுப்பின இசைஞர்களுக்குக் கதவு திறந்து வைத்திருந்தது. 2006ஆம் ஆண்டில் மறைந்த அஹ்மத், இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில், தம் முன்னோர் ஷைகாக வீற்றிருந்த உஸ்பெக் தர்வேஷ்களின் தைக்காவில் நல்லடக்கம் செய்யப்பட்டார். ஆன்ம இசையின் மூலவர்களுள் சிலரை உலகுக்கு அறிமுகம் செய்தவர் உறங்குவது ஸூஃபியாக்களின் தோட்டத்தில்.

மோட்டவுனின் கதை வேறு. ஃபோர்டு நிறுவனத்தின் வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றிய பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. பாடல்களும் வாகனங்களைப் போலவே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி, தரச் சோதனைக் கூட்டத்தில் தேறிய பின்னரே வெளிவந்தன. வெள்ளையர் வீட்டு வானொலியிலும் ஒலிக்க வேண்டும் என்பதே இலக்கு. ஆகவே அரசியல் தவிர்க்கப்பட்டது. மார்வின் கேய் அங்கே அழகிய குரலுடைய காதற்பாடகராக வளர்க்கப்பட்டார். 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் வாஷிங்டனில், சனிக்கிழமையை ஓய்வு நாளாக அனுசரித்த ஒரு சிறு கிறித்தவப் பிரிவின் போதகருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையின் சபையில் பாடத் தொடங்கிய சிறுவன் கோர்டியின் நிறுவனத்தில் நட்சத்திரமானார். கோர்டியின் தமக்கை அன்னாவை மணந்து அக்குடும்பத்தில் ஒருவராகவும் ஆனார்.

பிறகு உலகம் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. 1967ஆம் ஆண்டு ஜூலையில் டெட்ராய்ட் பற்றி எரிந்து 43 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அவரோடு இணைந்து பாடிய டாமி டெரல் மேடையில் மயங்கிச் சரிந்தார். மூளைக் கட்டியால் 1970ஆம் ஆண்டு மார்ச் மாதம் மறைந்தார். கேய் மேடையைத் துறந்து ஒடுங்கினார். வியட்நாமில் பணியாற்றிய தம்பி ஃபிராங்கி எழுதிய கடிதங்களும், திரும்பி வந்து சொன்ன செய்திகளும் அவரை உலுக்கின. 'ஃபோர் டாப்ஸ்' குழுவின் ஓபி பென்சன், 1969ஆம் ஆண்டு பெர்க்லி நகரில் இளைஞர்களைக் காவலர்கள் தாக்கியதைக் கண்ணுற்று, ஆல் கிளீவ்லாந்துடன் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வித்திட்டிருந்தார். கேய் அதனை ஏற்றுச் செப்பனிட்டார். இப்பாட்டு விலைபோகாது என்று கோர்டி கருதினார்; வெளியிடாவிட்டால் வேறு எதனையும் பாடித் தருவதில்லை என்று கேய் உறுதியாக நின்றார். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் பாட்டு வெளிவந்தது. மக்கள் திரண்டு வாங்கினர். அதன் பின்னரே முழுத்தொகுப்புக்கு வழி பிறந்தது.

தொகுப்பு தொடங்குவது பாட்டால் அன்று, முகமனால். தெருமுனையில் நண்பர்கள் சந்தித்துக் குசலம் விசாரிக்கும் பேச்சொலி முதலில் கேட்கிறது. எந்த உரையாடலும் ஸலாமில் தொடங்க வேண்டும் என்று பயின்ற நமக்கு இத்தொடக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை. அதன் பின் எழும் குரல் முதலில் தாயை விளிக்கிறது, பிறகு சகோதரனை, பிறகு தந்தையை. அதிகாரியையோ அமைச்சரையோ அது விளிப்பதில்லை. இத்தொகுப்பின் திறவுகோல் இவ்விளிகளே என்பது நம் கருத்து. உறவுமுறையில் விளிக்கப்பட்டவன் விலகி நிற்க முடியாது. அவன் மறுமொழி கூறியாக வேண்டும். இல்லையேல் உறவை மறுத்தவனாவான். தமிழகத்தில் நம்மைப் பிறர் 'பாய்' என்று அழைக்கையில் அச்சொல்லுக்குச் சகோதரன் என்பது பொருள் என்பதை அழைப்போரும் அழைக்கப்படுவோரும் மறந்தே போயினர். மறந்துபோன அப்பொருளை மீட்டுக் கையில் தருவதைத்தான் கேய் தம் மொழியில் செய்கிறார்.

இரண்டாம் பாடல் போரிலிருந்து திரும்பிய ஒருவன் தன் சகோதரனிடம் ஊர் நிலவரம் கேட்பது. வேலை கிடைக்குமா, ஊரார் இன்னும் ஆடிப் பாடுகின்றனரா, இவ்வாண்டு பந்தாட்டத்தில் நம்மவர் வெல்வரா என்று பெரியதும் சிறியதுமாகக் கேள்விகள் கலந்து வருகின்றன. பெருந்துன்பம் கண்டவன் இவ்வாறுதான் பேசுவான். நேரே புண்ணைத் தொடமாட்டான். மூன்றாம் பாடல் போதைக்கு அடிமையானவனின் தனிமொழி. நான்காவதில் குழந்தைகளுக்காக ஒரு குரல் பேசுகிறது. அதே மனிதனின் மற்றொரு குரல் அதே சொற்களைப் பாடுகிறது. ஐந்தாவது இறைவனின் அன்பைச் சொல்லும் சிறு பாடல். ஆறாவதான 'மெர்சி மெர்சி மீ' நஞ்சான காற்றையும், எண்ணெய் படிந்த கடலையும், பாதரசம் ஏறிய மீனையும் எண்ணி இரக்கம் வேண்டுகிறது. உலகின் முதல் புவி நாள் 1970ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் கொண்டாடப்பட்டது என்பதை நினைத்தால் இப்பாடலின் முன்னுணர்வு வியப்பளிக்கும். இந்த ஆறும் இசைத்தட்டின் முதற்பக்கம். ஒன்றின் வாலைப் பற்றிக்கொண்டே மற்றொன்று எழுகிறது. போர், போதை, பசி, மாசு ஆகியன வெவ்வேறு செய்திகள் அல்ல, ஒரே நோயின் குறிகள் என்பதனை வாதமாகச் சொல்லாமல் இசையின் தொடர்ச்சியால் உணர்த்திவிடுகிறார்.

இவ்விசை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். முதற்பாடலுக்காகக் கேய் தனித்தனியே இருமுறை பாடிய குரல்களுள் ஒன்றைத் தேர்வதற்கென அவற்றை ஒலிப்பொறியாளர் பதிந்து வைத்தார். அவை தற்செயலாக ஒருசேர ஒலித்தன. கேட்ட கேய் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டார். அதுமுதல் தொகுப்பு முழுவதும் அவர் தம்மோடு தாமே பாடுகிறார்: ஒரு குரல் அழைக்கிறது, மற்றொன்று ஆறுதல் கூறுகிறது, ஒன்று நிலத்தில் நடக்க, மற்றொன்று மேலே பறக்கிறது. தேவாலயத்தில் முன்பாடுவோரும் சபையும் நிகழ்த்தும் அழைப்பும் மறுமொழியும் இங்கே ஒரே நெஞ்சினுள் நிகழ்கின்றன. சபை கலைந்துவிட்ட காலத்தில் தனி மனிதன் தனக்குத் தானே சபையாகிறான். இதனடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதார் ஓயாது அலைந்துகொண்டே இருக்கிறது. தந்தி இசையை டேவிட் வான் டெபிட் ஒழுங்கு செய்தார். மோட்டவுனின் வெற்றிகளுக்கெல்லாம் பெயரின்றி உழைத்த 'ஃபங்க் பிரதர்ஸ்' இசைஞர்களின் பெயர்கள் இத்தொகுப்பின் உறையில் அச்சேறின. நீதியைப் பாடும் இசைத்தட்டு தன் வீட்டிலும் சிறிது நீதி செய்தது.

ஓர் எழுத்தை நீட்டி வளைத்துப் பல சுரங்களில் உலவவிடும் கேயின் குரலைக் கேட்கும்போது நம் செவிக்குச் சில இடங்கள் பழக்கப்பட்டவை போலத் தோன்றியதுண்டு. அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு ஸயீது 1831ஆம் ஆண்டில் அறபு மொழியில் எழுதிய தன்வரலாறு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வயல்வெளிக் கூவற்பாடல்களுக்கும் பாங்கொலிக்கும் உள்ள ஒப்புமையை வரலாற்றாசிரியர் சில்வியான் தியூஃப் எடுத்துக்காட்டியுள்ளார். ஆயினும் ஒப்புமை என்பது சான்று ஆகிவிடாது. ஆன்ம இசை தன் வடிவைப் பெற்றது கறுப்பினக் கிறித்தவரின் சபையில். அவர்தம் கண்ணீருக்கு நாம் உரிமை கொண்டாடுவது முறையன்று. அறிந்த சாயலைக் கண்டால் நின்று கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுவதில்லை.

இனி, நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இவ்வளவு மென்மையாகப் பாடினால் அநீதி அஞ்சுமா? 1970ஆம் ஆண்டில் 'லாஸ்ட் போயட்ஸ்' குழுவினரும், 1971இல் கில் ஸ்காட் ஹெரனும் கடுமொழியில் பேசினர். அவ்வாண்டு நவம்பரில் ஸ்லை ஸ்டோன் கலவரத்தைப் பெயரிலேயே கொண்ட இருண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அவர்களுக்கு முன் கேயின் குரல் கெஞ்சலாகத் தோன்றக்கூடும். நாமும் ஒரு காலம் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் கெஞ்சல் வேறு, முறையீடு வேறு. கெஞ்சுபவன் தன் தகுதியைத் தாழ்த்திக்கொள்கிறான்; முறையிடுபவனோ கேட்பவனின் கடமையை நினைவூட்டுகிறான். வன்மொழி எதிரியை எதிரியாகவே விட்டுவைக்கிறது. உறவுமொழி அவனைக் குடும்பத்துக்குள் இழுத்துவந்து குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. 43 உயிர்களைப் புதைத்த நகரிலிருந்து எழுந்த மென்மை அறியாமையால் வந்ததாயிருக்க இயலாது. அது தெரிந்தே மேற்கொண்ட நிலை.

குறைகளும் உண்டு. இரண்டாம் பக்கத்தின் முதற்பாடலான 'ரைட் ஆன்' ஏழு நிமிடங்களைக் கடந்து நீள்கிறது; சமூகத் துயரில் தொடங்கிக் காதலின்பத்தில் இளகி, தொகுப்பின் கட்டுக்கோப்பைத் தளர்த்திவிடுகிறது. மேலும், தொகுப்பின் பெரும்பகுதியில் அநீதிக்குப் பொறுப்பானவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. யாவரும் சகோதரராயின் குற்றம் எவருடையது? இவ்வினாவுக்கு இறுதிப் பாடல் ஓரளவு ஈடு செய்கிறது. நிலவுக்கு ஏவுகணை விடும் பணத்தை இல்லாதோருக்குச் செலவிடுக என்கிறது; வரிச்சுமையையும், காவலரின் கொடுமையையும் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அதற்கு முந்தைய 'ஹோலி ஹோலி' என்னும் பாடலின் தலைப்பில், முழுமை என்னும் சொல்லும் புனிதம் என்னும் சொல்லும் ஒரே ஓசையில் இணைக்கப்பட்டுள்ளன: பிரிந்து கிடப்பது புனிதமாகாது என்பது குறிப்பு. மறு ஆண்டே அரிதா ஃபிராங்க்ளின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பதிவு செய்த தம் பக்தித் தொகுப்பில் இப்பாடலைப் பாடினார். தேவாலயத்திலிருந்து கடன் வாங்கிய இசை தேவாலயத்துக்கே திரும்பிற்று. பழைய வழக்கில் இதுவும் ஒரு தீர்ப்புத்தான்.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் 45ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், மார்வின் கேய் பெற்ற தந்தையின் கைத்துப்பாக்கிக்கு இரையானார். பூசலை வளர்க்க வேண்டாம் என்று தந்தையை விளித்து வேண்டிய முதற்பாடலை அதன் பிறகு எவரும் பழையபடி கேட்க முடிவதில்லை. எனினும் மரணத்தைக் கொண்டு பாட்டுக்குப் பொருள் உரைப்பதைத் திறனாய்வு என நாம் கொள்ளோம். அவர் பாடியது தம் வீட்டுத் தந்தை ஒருவரிடம் மட்டுமன்று. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய ஒரு தலைமுறையிடம். அந்தப் பிள்ளைகளுள் பலரும் திரும்பவில்லை என்பது அப்பாட்டினுள்ளேயே இருக்கும் துயரம். அதற்கு வெளியிலிருந்து துயரம் சேர்க்க வேண்டுவதில்லை.

2020ஆம் ஆண்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தன் 500 சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் இதற்கு முதலிடம் அளித்தது. பட்டியல்கள் மாறும். நாம் பெற்ற பயன் வேறு. இதன் பின்னர் ஸ்டீவி வொண்டரையும், கர்ட்டிஸ் மேஃபீல்டையும், டானி ஹாத்தவேயையும் தேடிக் கேட்டோம். 'ஆன்மா' என்று அம்மக்கள் தம் இசைக்குப் பெயரிட்டதன் காரணம் விளங்கிற்று. உடல் விலைக்கு விற்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், விற்க இயலாத ஒன்று தம்மிடம் உண்டு என்று உலகுக்கு அறிவித்த பெயர் அது.

ஸமாஉக்கு மூன்று வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் கூறியதாக இமாம் கஸ்ஸாலி எடுத்துரைப்பார்கள்: உரிய நேரம், உரிய இடம், உரிய தோழர். வேலைக்கு நடுவே அரைச்செவியால் கேட்ட நமக்கு அன்று அம்மூன்றும் இல்லை. வாசகர்கள் இத்தொகுப்பைக் கேட்க நேர்ந்தால் ஏறத்தாழ 35 நிமிடங்களை முழுமையாக ஒதுக்கிவைத்துக் கேட்பார்களாக. இறுதிப் பாடல் முடியும் தறுவாயில் முதற்பாடலின் மெட்டு மீண்டும் மெல்ல எழும். கேள்வி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். அதன் இறுதியில் வினாக்குறி இடாமல் விட்டது ஏன் என்பது அப்போது புலப்படும்: அக்குறியை இட வேண்டியவர் கேட்பவரே.